ஆர்.வி.யில் ஊர் சுற்றும்போது உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது: ஜிம் கார்டா, கெட்டில்பெல்லா, மலைப்பாதையா?

அமெரிக்காவில் வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியில், சில மாதம் கிளம்பலாம் என்று யோசிக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது கழிவுநீர்த் தொட்டி பற்றி. அடுத்து இன்டர்நெட், அப்புறம் செலவு. உடம்பைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். வரும்போதே "தினமும் மலை ஏறப்போறோம், தனியா எதுக்கு உடற்பயிற்சி?" என்று பதிலையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலை ஏறும் நாள் பிரச்சினையே இல்லை. அன்றைக்கு உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆர்.வி. வாழ்க்கையில் மலை ஏறும் நாள்களை விட மற்ற நாள்கள்தான் அதிகம். அரிசோனாவிலிருந்து யூட்டாவுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போகும் நாள், மழை விடாமல் பெய்யும் நாள், துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் போய்விடும் நாள், ஏதோ ஒன்று பழுதாகி சர்வீஸ் சென்டரில் காத்துக் கிடக்கும் நாள், லாகின் பண்ணி மீட்டிங்கில் உட்கார்ந்தே முடியும் நாள். இந்த மாதிரி நாள்களில் உங்கள் திட்டம் நடக்குமா என்பதுதான் கேள்வி. கீழே ஒவ்வொரு வழியையும் நான் அந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்திருக்கிறேன். எது அதிகப் பலன் தரும் என்று பார்த்தால் எல்லாமே நல்ல வழிதான், எது எளிதில் கைவிட்டுப் போகும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு தேவை என்பதில் குழப்பம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதாவது மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி. 65 தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் வாரத்தில் 3 நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. முதல் பாதியை ஊர் சுற்றலே ஓரளவு கொடுத்துவிடும். இரண்டாவது பாதியை எந்தத் தேசியப் பூங்காவும் தராது. நடந்தால் கால் தேறும், நெஞ்சு தேறும். தோள், முதுகு, கை, பிடி இவையெல்லாம் அப்படியே கிடக்கும், நாற்பது வயதுக்கு மேல் கிடந்தால் கரையும்.

பயண நாள் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.வி. ஓட்டுபவர்களிடையே 3-3-3 என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் 3 இரவாவது தங்கு. கேட்க நிதானமான திட்டம்தான். ஆனால் கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு மணிக்கு 55 மைலுக்கு மேல் போக முடியாது. மற்ற மாநிலங்களிலும் டயருக்கும் டீசலுக்கும் பயந்து பலர் 60, 65-ஐத் தாண்டுவதில்லை. ஆக 300 மைல் என்பது ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்த இடம். 4 மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. விமானத்துக்கு மட்டும் சொன்னதில்லை இது, கார், பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடப்பது, டயரைத் தொட்டுச் சூடு பார்க்கிற சாக்கில் குனிந்து நிமிர்வது, பம்ப் ஓடும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, இவ்வளவு போதும். இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை, நிறுத்தினால் இறங்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் இருந்தால் சரி.

ஜிம் கார்டு

அமெரிக்கா முழுக்கச் சுற்றுபவர்கள் அதிகம் பேசுவது பிளானெட் ஃபிட்னஸ் என்ற ஜிம் நிறுவனத்தின் பிளாக் கார்டு. நாடெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட கிளைகள், எந்தக் கிளைக்குள்ளும் போகலாம், ஒவ்வொரு முறையும் கூட ஒருவரை இலவசமாகக் கூட்டிப்போகலாம். மாதம் சுமார் 25 டாலர், வருடத்துக்கு ஒருமுறை தனியாக 49 டாலர் அளவில் ஒரு கட்டணம், கிளைக்குக் கிளை கொஞ்சம் மாறும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே போவதாக இருந்தால் ஒரு கார்டே போதும் என்பது பெரிய வசதி. ஒருவர் மட்டும் தனியாகப் போக நினைக்கும் நாளில் கார்டு வைத்திருப்பவர்தான் போக முடியும், இதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வேன் வாழ்க்கைக்காரர்கள் இந்தக் கார்டை வாங்குவது பாதிக்குப் பாதி குளியலுக்காக, அதில் தப்பே இல்லை. கிளாஸ் பி எனப்படும், வேனையே வீடாக்கிய வண்டியில் தண்ணீர்த் தொட்டி சின்னது, குளியலறை என்பது கழிவறை மேல் நின்று குளிக்கும் இடம். வெந்நீர் தீராமல் நின்று குளிக்கவும், அந்தச் சாக்கில் அரை மணி நேரம் எடை தூக்கவும் ஓர் இடம் கிடைத்தால் மாதம் 25 டாலர் மலிவு. துண்டு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எடை தூக்குவதைப் பொறுத்தவரை டம்பெல்களும் மெஷின்களும், தண்டு சட்டத்தில் பூட்டியபடியே மேலும் கீழும் ஓடும் ஸ்மித் மெஷினும் இருக்கும். தனி பார்பெல் வைத்து ஸ்குவாட், டெட்லிஃப்ட் போடுபவர்களுக்கு இது ஏமாற்றம்தான், மற்ற எவருக்கும் தாராளம்.

எனிடைம் ஃபிட்னஸ் வேறு ரகம். கிளைகள் சின்னவை, ஆனால் பிளானெட் ஃபிட்னஸ் எட்டிப் பார்க்காத சிற்றூர்களிலும் இருக்கும். சாவியைக் காட்டி இரவு பகல் எந்த நேரமும் நுழையலாம். பெரும்பாலான கிளைகளுக்குத் தனித்தனி முதலாளி என்பதால் விலையும் விதியும் ஊருக்கு ஊர் மாறும், பொதுவாக பிளானெட் ஃபிட்னஸை விடக் கூடுதல்தான். சேர்ந்த புதிதில் சேர்ந்த கிளையிலேயே இருக்கச் சொல்வார்கள், ஒரு மாதம் கழித்துத்தான் மற்ற கிளைகள் திறக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தால் சரிப்படாது.

ஒய்.எம்.சி.ஏ.யைப் பலர் சிபாரிசு செய்வார்கள், நீச்சல் குளம் இருக்கிறது, குழந்தைகளுக்கு வகுப்பு இருக்கிறது, நாடு முழுக்க ஒரே உறுப்பினர் அட்டை செல்லும். ஆனால் அதில் ஒரு விதி உண்டு: உங்கள் வருகையில் பாதியாவது சொந்தக் கிளையில் இருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் சுற்றுபவருக்கு இது அருமையான ஏற்பாடு. முழுநேரம் வண்டியில் வாழ்பவருக்கு இது பொருந்தாது. 65 தாண்டியவர்கள் தங்கள் மெடிகேர் அட்வான்டேஜ் மருத்துவக் காப்பீட்டில் சில்வர் ஸ்னீக்கர்ஸ் என்ற ஜிம் சலுகை இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இருந்தால் ஆயிரக்கணக்கான ஜிம்களுக்குத் தனியாகக் காசு கொடுக்காமலே போகலாம், அதற்குப் பிறகு நான் சொல்லும் விலை ஒப்பீடு அவர்களுக்குத் தேவையே இல்லை.

இனி மோசமான நாள் கேள்விக்கு வருவோம். ஜிம் எல்லாம் ஊருக்குள் இருக்கிறது, நாம் ஆர்.வி. வாங்குவதே ஊருக்கு வெளியே தங்கத்தான். டெக்சஸில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குள் தங்கினால், கொஞ்சம் பெரிய ஊர் என்று சொல்லக்கூடிய ஆல்பைன் சுமார் 100 மைல் தள்ளி. பொது நிலத்தில், அதாவது பி.எல்.எம். நிலத்தில் இலவசமாக 14 நாள் தங்குபவர்களுக்கும் இதே கதைதான். அது மட்டுமா, ட்ரெய்லர் வைத்திருப்பவர் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு பிக்கப்பில் போய்விடலாம், ஆனால் வீடும் வண்டியும் ஒன்றேயான கிளாஸ் ஏ, கிளாஸ் சி வண்டிக்காரர் பின்னால் ஒரு காரை இழுத்து வரவில்லை என்றால் ஜிம்முக்குப் போக வீட்டையே கிளப்ப வேண்டும்: மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியான ஸ்லைடை உள்ளே இழுத்து, மேசை மேல் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, கடைத்தெரு பார்க்கிங்கில் 30 அடி வண்டிக்கு இடம் தேடி. ஒரு தடவை செய்வார்கள், இரண்டு தடவை செய்வார்கள். அதற்கு மேல் நான் யாரையும் பார்த்ததில்லை.

ஆகவே என் கணக்கு இது. உங்கள் பயணப் பாதையை வரைந்து வைத்துக்கொண்டு, எத்தனை இரவு ஜிம்மிலிருந்து 20 நிமிட தூரத்துக்குள் தங்கப்போகிறீர்கள் என்று அந்தந்த நிறுவனத்தின் வரைபடத்தில் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் கார்டு வாங்குங்கள். பாதிக்குக் கீழே என்றால் அந்தக் காசு வீண், வேனில் இருந்துகொண்டு குளியலுக்கு வாங்குபவர்கள் மட்டும் விதிவிலக்கு.

வண்டியிலேயே வைத்துக்கொள்வது

இதுதான் என் தேர்வு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன்.

ஆர்.வி.யில் எதை ஏற்றினாலும் முதலில் பார்க்க வேண்டியது எடை. ட்ரெய்லர் வாசல் பக்கம் மஞ்சள் நிற ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும், இத்தனை பவுண்டுக்கு மேல் சாமான் ஏற்றாதே என்று அதில் எழுதியிருக்கும். பார்க்கத் தாராளமான எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்ட், 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்ட் போய்விட்டது. அப்புறம் பாத்திரம், துணி, அரிசி மூட்டை, கருவிப் பெட்டி, வெளியே போடும் நாற்காலிகள். வீட்டு கராஜில் இருக்கும் பார்பெல் செட்டையும் பெஞ்சையும் கொண்டுவர நினைப்பவர்கள் இந்த ஸ்டிக்கரைப் படித்த பிறகு முடிவெடுக்கட்டும்.

அட்ஜஸ்டபிள் டம்பெல் பலருடைய முதல் யோசனை. ஒரு ஜோடியில் பல எடைகள், இடம் குறைவு, நியாயமான யோசனைதான். ஆனால் ஓடும் வண்டியின் அதிர்ச்சிக்கு உள்ளே இருக்கும் பூட்டும் பல்லும் எவ்வளவு தாங்கும் என்பது என் கவலை. பழைய சாமான் சந்தையில் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2025 ஜூனில் போஃப்ளெக்ஸ் 552, 1090 மாடல் டம்பெல்கள் சுமார் 38 லட்சம் திரும்பப் பெறப்பட்டன, தூக்கும்போது எடைத் தட்டு பிடியிலிருந்து கழன்று விழலாம் என்பதால். விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். மாடல் எண்ணைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் சொல்வது ஒரே ஒரு கெட்டில்பெல், அதாவது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, கூடவே ரெசிஸ்டன்ஸ் பேண்டுகள் என்ற இழுத்துச் செய்யும் ரப்பர் பட்டைகள் ஒரு செட். பெண்களில் பலருக்கு 12 கிலோ, ஆண்களில் பலருக்கு 16 கிலோ ஆரம்பத்துக்குச் சரியாக இருக்கும், பழகாதவர்கள் இன்னும் குறைவாகவே தொடங்கலாம். கெட்டில்பெல்லில் உடைய எதுவும் இல்லை, அது வெறும் இரும்பு. வைக்கும் இடம் மட்டும் முக்கியம்: தரையோடு தரையாக, முடிந்தால் சக்கர அச்சுக்குப் பக்கத்தில், அசையாதபடி பட்டை போட்டுக் கட்டி. திடீரென்று பிரேக் அடிக்கும்போது 16 கிலோ இரும்பு அவிழ்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பேண்டுகளுக்கு எடையே இல்லை, ஆனால் வெயில் அவற்றைத் தின்றுவிடும். ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், இழுத்து நிற்கும்போது அறுந்தால் அடி முகத்துக்குத்தான்.

பயிற்சி செய்யும் இடம் வண்டிக்குள் இல்லை, வெளியே இருக்கும் பிக்னிக் மேசைதான். தேசியப் பூங்காவோ மாநிலப் பூங்காவோ அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா கேம்ப்கிரவுண்டிலும் உங்கள் இடத்தில் ஒன்று போட்டிருப்பார்கள், பல இடங்களில் அசைக்க முடியாத கான்கிரீட் மேசை. பெஞ்சில் கை வைத்துத் தண்டால் எடுக்கலாம். தரையில் எடுக்க முடியாதவர்கள் மேசை விளிம்பில் கை வைத்து எடுக்கலாம், உயரம் கூடக்கூட எளிது. பெஞ்சில் ஏறி இறங்கினால் காலுக்கு, பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் பஸ்கி பழகாதவர்களுக்கு முதல் படி. மேசைக் காலில் பேண்டைச் சுற்றி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்கை விலாவை உரசுகிற மாதிரி பின்னால் இழுத்தால் முதுகுக்கு. இந்த இழுக்கும் பயிற்சியைத் தவற விடாதீர்கள். தண்டாலும் பஸ்கியும் கருவி இல்லாமலே செய்துவிடலாம், முதுகுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுத்தே ஆக வேண்டும், ஸ்டீயரிங் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்த உடம்புக்கு அதுதான் மருந்து.

மேசை இல்லாத இடத்தில் ட்ரெய்லரின் முன்பக்கத்து இரும்புச் சட்டத்திலோ பிக்கப்பின் ஹிட்ச்சிலோ, அதாவது ட்ரெய்லரை மாட்டும் இணைப்பிலோ, பேண்டை மாட்டலாம். செய்யக்கூடாதவை சில உண்டு. பிடித்துத் தொங்கிச் செய்யும் பயிற்சிப் பட்டைகளை ஆர்.வி. கதவில் மாட்டாதீர்கள், அந்தக் கதவு மெல்லிய அலுமினியம், வெளிப்பக்கம் வேறு திறக்கும். வண்டியின் பின்னால் இருக்கும் ஏணியில் தொங்கிப் புல்-அப் எடுக்க வேண்டாம், அது கூரைக்கு ஏற மட்டும் பொருத்தியது. மரத்தில் கட்டுவதைப் பல பூங்காக்கள் தடை செய்திருக்கின்றன, விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

வண்டிக்குள்ளே? ஸ்லைடு உள்ள ட்ரெய்லரில் ஸ்லைடைத் திறந்தால் ஒரு யோகா விரிப்பு போடும் அளவுக்குத் தரை கிடைக்கும். கிளாஸ் பி வேனில் நடைபாதைதான் தரை. சூரிய நமஸ்காரம் செய்யலாம், முன்னும் பின்னும் போகும் ஆசனங்கள் எல்லாம் வரும், கையைப் பக்கவாட்டில் விரிக்கும் எதுவும் வராது. குதிக்கும் பயிற்சிகளை உள்ளே செய்தால் வண்டி மொத்தமும் ஆடும், தூங்குகிறவர் எழுந்துவிடுவார். கெட்டில்பெல்லை முன்னும் பின்னும் வீசும் ஸ்விங்கையும் உள்ளே முயற்சி செய்ய வேண்டாம், அலமாரிக் கதவு பிழைக்காது. மழை நாளுக்கும் குளிர்கால இருட்டுக்கும் என்று பேண்ட் வைத்துச் செய்யும் நாலைந்து பயிற்சிகளையும் பஸ்கியையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இதன் மோசமான நாள் எப்படி இருக்கும்? 3 மணிக்கு வந்து சேர்கிறீர்கள், வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, கம்பியும் குழாயும் மாட்டி முடிக்க 4 மணி. மேசை அங்கேயே இருக்கிறது, கெட்டில்பெல்லை இறக்குகிறீர்கள், 20 நிமிடம். டீக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பாதி முடிந்துவிடும். ஜிம்மை விட இது கட்டாயம் குறைவான பயிற்சிதான், ஆனால் தவறிப்போக வழி இல்லை. எடை போதாமல் போகும் நாள் வரும், அப்போது மெதுவாக இறக்கிச் செய்யுங்கள், ஒரு காலில் செய்யுங்கள். தசை பெருக்கிக் காட்ட நினைப்பவர்களுக்கு இது போதாது. இழக்காமல் இருக்க நினைப்பவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

குழாய் இல்லாத இடத்தில் தங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் பயிற்சி இலவசமாகவே கிடைக்கும். 7 கேலன் தண்ணீர்க் கேன் நிறைந்தால் 58 பவுண்ட். அதை இடுப்பு சாயாமல், தோள் தொங்காமல் குழாயடியிலிருந்து வண்டிவரை சுமந்து வந்து, அடுத்த கேனுக்குக் கை மாற்றுங்கள். பிடிக்கும் இடுப்புக்கும் இதைவிட நல்லது ஜிம்மில் கூட இல்லை. இடுப்புப் பிரச்சினை உள்ளவர்கள் பாதி கேன்.

மலைப்பாதையும் சைக்கிளும்

இது எல்லாருக்கும் பிடித்த வழி, எனக்கும்தான். அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு 80 டாலர் வருடப் பாஸ் ஒன்றில் 2,000-க்கும் மேற்பட்ட கூட்டாட்சி அரசின் பூங்காக்களும் காடுகளும் திறந்துகொள்கின்றன. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள 62 வயதுக்காரர்களுக்கு அதே 80 டாலரில் வாழ்நாள் பாஸ். இதை வாங்காமல் கிளம்பவே கூடாது.

ஆனால் நம் ஆட்கள் மலைப்பாதையை உடற்பயிற்சியாக எண்ணும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் எட்டு மைல் நடந்தால் அது பயிற்சி ஆகாது, முட்டிக்குக் கொடுக்கும் தண்டனை. கிராண்ட் கேன்யனில் இது இன்னும் தலைகீழ், முதலில் இறக்கம், களைத்த பிறகுதான் ஏற்றம். தெற்கு விளிம்பே கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்விடம் வரை போய்த் திரும்பினாலே ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். நதி வரை இறங்கி அதே நாளில் ஏறி வராதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் பலகை வைத்தே சொல்கிறது, கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. கொலராடோவின் ராக்கி மலைப் பூங்காவில் பியர் லேக் பாதை தொடங்கும் இடமே 9,400 அடிக்கு மேல், அங்கே முதல் இரண்டு நாள் படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

தினசரி நடைக்கு நான் தேடுவது சமதளப் பாதைகளைத்தான். கிராண்ட் கேன்யனின் விளிம்புப் பாதை பெரும்பகுதி தார் போட்டது, எங்கே களைத்தாலும் பூங்கா பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடலாம். யூட்டாவின் சையன் தேசியப் பூங்காவில் பாருஸ் பாதை போய்வர மூன்றரை மைல், வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் தங்குபவர்கள் வாசலிலிருந்தே நடக்கலாம். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா முட்டி வலியோடு தினமும் காலையில் புடவையும் ஸ்னீக்கரும் போட்டுக்கொண்டு நடந்தது அங்கேதான், நதிப் பாலம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவார். வயதானவர்களைக் கூட்டிப்போனால் முதலில் இப்படிப்பட்ட பாதை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கேம்ப்கிரவுண்டை முடிவு செய்யுங்கள்.

சைக்கிள் சமதளத்தில் அற்புதம். மிசௌரியில் பழைய ரயில் தடத்தில் போட்ட கேட்டி டிரெயில் சுமார் 240 மைல், தெற்கு டகோடாவில் மிக்கல்சன் டிரெயில் 109 மைல், மெயின் மாநிலத்தில் அகேடியா பூங்காவுக்குள் கார் வராத வண்டிப்பாதைகள் 45 மைல். இவற்றுக்காகவே பாதையைத் திருப்பலாம். ஆனால் தேசியப் பூங்காக்களின் நடைபாதைகள் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, கார் ஓடும் சாலையில்தான் ஓட்ட வேண்டும், அங்கே ஓரம் குறுகலாக இருக்கும். சுமப்பதும் தலைவலி. ட்ரெய்லரின் பின் பம்பர் பெரும்பாலும் மெல்லிய இரும்புக் குழாய், அதில் 60 பவுண்ட் எலக்ட்ரிக் சைக்கிள் இரண்டை மாட்டினால் வெல்டிங் விடும். பின்பக்கம் எவ்வளவு குதிக்கும் என்பது பின்னால் காரில் வருபவருக்குத்தான் தெரியும். ஆர்.வி.க்கு என்றே அனுமதித்த ரேக் வேண்டும், அதை மாட்ட சட்டத்தோடு சேர்ந்த ஹிட்ச் வேண்டும். ஏற்கெனவே ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் செலவு தகும். வண்டியில் போனால் ஓட்ட ஆரம்பித்துவிடுவேன் என்று நினைத்து வாங்க வேண்டாம், முதல் ஒரு மாதம் அங்கங்கே வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

கேம்ப்கிரவுண்டில் நீச்சல் குளம் இருக்கிறதே என்பார்கள். கே.ஓ.ஏ. போன்ற தனியார் இடங்கள் பலவற்றில் இருக்கிறது, நாலு கை வீசினால் மறுகரை வந்துவிடும், குளிர்காலத்தில் பல இடங்களில் மூடிவிடுவார்கள். அரிசோனாவிலும் புளோரிடாவிலும் குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் தங்கும் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆர்.வி. பூங்காக்கள் மட்டும் வேறு. அங்கே சூடேற்றிய குளம், பிக்கிள்பால், காலையில் வகுப்புகள் என்று வாடகையோடு சேர்த்தே கிடைக்கும். அங்கே போகிறவர்கள் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

நமக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஆசிய அமெரிக்கர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே பரிசோதனை செய்யலாம் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்கிறது, மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. வண்டியில் சோறு, ரசம், அப்பளம் என்று சுலபமானதைத்தான் சமைப்போம், பக்கத்திலேயே படுக்கை. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு 15 நிமிடம் கேம்ப்கிரவுண்டின் வளையச் சாலையைச் சுற்றி வாருங்கள். கார்கள் ஊர்ந்துதான் போகும், டார்ச் ஒன்று போதும், பக்கத்து வண்டிக்காரரோடு பேச்சும் கொடுக்கலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் இது மட்டும் எல்லாருக்கும் பொது.

யாருக்கு எது

வார நாள்களில் வேலை, சனி ஞாயிறில் மட்டும் இடம் மாறுவது என்றால் இன்டர்நெட்டுக்காக ஊர்ப் பக்கம்தான் தங்குவீர்கள், அப்போது ஜிம் கார்டு தகும், பேண்டும் ஒரு செட் இருக்கட்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாறுபவர்களும் பொது நிலத்தில் தங்குபவர்களும் ஜிம்மை மறந்துவிடுங்கள், கெட்டில்பெல், பேண்ட், நடை. வேனில் தனியாகச் சுற்றுபவருக்கு குளியலையும் சேர்த்து ஜிம் கார்டு, மழை நாளுக்குப் பேண்ட். குழந்தைகளோடு கோடை விடுமுறைக்கு மட்டும் போகும் குடும்பம் ஏற்கெனவே ஒய்.எம்.சி.ஏ. உறுப்பினர் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். பார்பெல் இல்லாமல் முடியாது என்பவர்கள் மாதக் கணக்கில் ஒரே ஊரில் தங்கும்படி பாதையை அமைத்து, அந்தந்த ஊரில் மாதச் சந்தா கட்டுவதுதான் வழி. அது செலவு கூடுதல், ஆனால் அவர்களுக்கு வேறு எதுவும் திருப்தி தராது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் கார்டு வருடத்துக்கு சுமார் 350 டாலர். கெட்டில்பெல்லும் பேண்டும் சேர்த்து ஒரு தடவை நூறு டாலருக்குப் பக்கம், அதற்குப் பிறகு அறுந்த பேண்டை மாற்றுவது மட்டும்தான். சைக்கிள், ரேக், ஹிட்ச் என்று போனால் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

சந்தேகமாக இருப்பவர்கள் முதல் இரண்டு மாதம் பேண்டோடும் கெட்டில்பெல்லோடும் மட்டும் கிளம்புங்கள். ஜிம் கார்டை நடுவழியில் எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம், அப்போது உங்கள் வேகம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வாங்கும்போது ரத்து செய்யும் விதியைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் சேர்ந்த கிளைக்கு நேரில் போக வேண்டும் அல்லது தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும், மொன்டானாவில் உட்கார்ந்துகொண்டு ஜார்ஜியா கிளையில் ரத்து செய்வது லேசில்லை. அதனால் எங்கே திரும்பி வரப்போகிறீர்களோ, உங்கள் தபால் எந்த ஊருக்கு வருகிறதோ, அந்த ஊர்க் கிளையிலேயே சேருங்கள்.